வெள்ளோட்டச் செடி

நூறாம் நாள் சடங்குக்கு முந்தின மத்தியானம் அனுசித் கத்தரியோடு கூடாரத்தின் முன்னால் வந்து நின்றான். மறுநாள் காலை ஒன்பது பிக்குகள் வீட்டுக்கு வருகிறார்கள். அந்த வரிசை வீட்டில் அவர்களை உட்காரவைக்க முன்னறையை விட்டால் வேறு இடமில்லை. முன்னறையின் ஒரு மூலையைக் கூடாரம் அடைத்துக்கொண்டிருந்தது. கஞ்சா வாசனையின் நடுவே பாய் விரித்துப் பிக்குகளை உட்காரச் சொல்ல முடியாது. மாமியார் போனில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்: "அதை எடுத்துடு."

கூடாரம் என்றால் துணிப் பீரோ மாதிரி ஒன்று. வெளியே கறுப்பு. உள்ளே வெள்ளித்தாள் போன்ற பளபளப்பு. உச்சியில் விளக்கு, பக்கத்தில் காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறி, நடுவில் ஒரு தொட்டி. தொட்டியில் ஒரே ஒரு செடி. விளக்கு இரவு எட்டு மணிக்கு எரியும், காலை எட்டு மணிக்கு அணையும். அதைப் பார்த்துக்கொள்ளச் சுவரில் ஒரு டைமர். அவன் மனைவி பிம் இறந்த பிறகும் டைமர் நிற்கவில்லை. அவனும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவுமில்லை. ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவுவான், செடிக்கு ஊற்றுவான், படுப்பான்.

முதல் கிளையை வெட்டினான். பூங்கொத்து அணில் வால் போல நீண்டிருந்தது. அந்த ரகத்துக்குப் பெயரே அதுதான். பழக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். உள்ளே நெருடியது. பிரித்தான். விதை. இன்னொரு கொத்தைப் பிரித்தான். அதிலும் விதை.

தன்னந்தனியாக ஒரு பெண் செடி. அடைத்த கூடாரம். விதை பிடிக்க வழியே இல்லை. ஒரே ஒரு விதத்தில்தான் நடக்கும். பூக்கும் காலத்தில் செடிக்கு இருட்டு வேண்டும். இருட்டில் இருக்க வேண்டிய நேரத்தில் அடிக்கடி வெளிச்சம் பட்டால் அது மிரண்டுபோகும். மிரண்ட செடி தன்னிடத்திலேயே ஆண் பூ விட்டுத் தனக்குத்தானே விதை கட்டிக்கொள்ளும்.

எங்கிருந்தோ வெளிச்சம் புகுந்திருக்கிறது.

அனுசித்துக்கு வேலை மகாச்சாயில் ஒரு மிளகாய்ச் சாஸ் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில். ஒரு பாட்டில் கெட்டுப்போனால் எந்தக் கொப்பரை, எந்த மூட்டை மிளகாய், யார் கை என்று பின்னாலேயே நடந்து போய்க் கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பு. செடி நாளைக்குக் குப்பைக்குப் போகப்போகிறது, இனி கண்டுபிடித்து ஒன்றும் ஆகாது. ஆனாலும் கை நிற்கவில்லை. விசிறியை அணைத்தான். கூடாரத்துக்குள் நுழைந்து தொட்டியை ஒட்டிக் குந்தி உட்கார்ந்து, உள்ளிருந்தபடியே ஜிப்பை இழுத்து மூடினான். ஓட்டையைக் கண்டுபிடிக்க அதுதான் முறை. வெளியே பகல், உள்ளே இருட்டு, நடுவில் கண்.

கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். காத்திருந்தான்.

இந்தச் செடியைக் கொடுத்தது கோவித் அண்ணன். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். தடை விலகியதும் ஊரெல்லாம் கீரை பயிரிடுவது போலக் கஞ்சா பயிரிட்டபோது அவரும் மாடியில் கூடாரம் போட்டார். பிம்முக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, மருந்து ஏற்றத் தொடங்கி, சோற்றைக் கண்டாலே அவளுக்குக் குமட்டத் தொடங்கிய நாட்கள் அவை. எண்ணெயாக எடுத்து இரண்டு சொட்டு நாக்கில் விட்டால் பசி எடுக்கலாம், தூக்கம் வரலாம், முயன்று பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அரசாங்க மருத்துவமனைக் கிளினிக்கிலேயே வாங்கலாம் என்றும் சொன்னார். பிம்மும் அதையேதான் கேட்டாள்.

அனுசித் மாட்டேன் என்றான். எந்த வயலில் விளைந்தது, என்ன தெளித்தார்கள், யாருக்குத் தெரியும்? மிளகாயில் என்னென்ன இருக்கிறது என்று தினமும் பார்க்கிறவன் அவன். நாமே வளர்ப்போம் என்றான். கூடாரமும் விளக்கும் அண்ணனிடம் இரவல் வாங்கி வந்தான். அண்ணனிடம் சீக்கிரம் பூக்கிற வெளிநாட்டு ரகமும் இருந்தது, அவர் மனைவியின் ஊரான சகோன் நகோனிலிருந்து வந்த நாட்டு ரகமும் இருந்தது. நாட்டு ரகம் பூத்து முற்ற மாதக்கணக்கில் ஆகும் என்று அவர் எச்சரித்தார். பரவாயில்லை, பூச்சி தாங்கும் என்று அதையே எடுத்துக்கொண்டான். அவசரமில்லாதவன் போல.

அவசரமில்லைதான். ஏனென்றால் அந்தச் செடி பிம்முக்கு இல்லை.

தொழிற்சாலையில் புதிய சாஸ் போட்டால் முதல் கொப்பரையை விற்க மாட்டார்கள். அது வெள்ளோட்டம். உப்பு, புளிப்பு, சூடு எல்லாம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுக் கொட்டிவிடுவார்கள். இரண்டாவது கொப்பரைதான் பாட்டிலுக்குப் போகும். அனுசித்துக்கு வேறு விதமாக வேலை செய்யத் தெரியாது. முதல் செடி வெள்ளோட்டம். கூடாரம் எப்படிச் சூடேறுகிறது, தண்ணீர் எவ்வளவு கேட்கிறது என்று தெரிந்துகொண்டு அதை எறிந்துவிடுவது. இரண்டாவது செடி பிம்முக்கு. முதல் நாளே அவளிடம் இதைச் சொன்னான்.

பிம் கல்லூரியில் அவனோடு ஒரே சோதனை மேசையில் நின்று ரசாயனம் படித்தவள். அவனைத் தெரியும். சிரித்தாள்.

"அப்போ நான் ரெண்டாம் நம்பரா? கல்யாணத்துக்கு முன்னாடி நானும் ஒரு வெள்ளோட்டம் பார்த்திருக்கணும். மொதல் புருஷனைக் கொட்டிட்டு, ரெண்டாவதா உன்னைக் கட்டியிருக்கலாம்."

செடிக்கு அவள் 'மூ' என்று பெயர் வைத்தாள். பன்றிக்குட்டி. அவர்கள் பக்கத்தில் குழந்தைகளைக் கொஞ்சிக் கூப்பிடும் பெயர். வாளி வாளியாகக் குடிக்கிறதே என்று வைத்தாள்.

மாடிப்படி ஏற முடியாமல் போனபோது கோயிலிலிருந்து நோயாளிக் கட்டில் ஒன்றை இரவல் வாங்கி முன்னறையில் போட்டார்கள். கூடாரத்துக்குப் பக்கத்திலேயே. பகலில் வீடு கொதிக்கும், பகலில் விளக்கையும் எரித்தால் செடி வெந்துவிடும். அதனால் இரவில்தான் விளக்கு. பிம்முக்கோ வலிக்கு ஏழு மணிக்கு மருந்து கொடுத்தால் எட்டுக்குள் தூங்கிவிடுவாள். காலையில் அவள் விழிக்கும்போது கூடாரம் இருண்டிருக்கும். பக்கத்திலேயே இருந்தும் அவள் மூவைப் பார்த்து வாரக்கணக்காகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேட்டாள்.

"ஒரு தடவை ஜிப்பைத் திற. பாத்துட்டு மூடிடலாம்."

"எட்டு மணிக்குத் திறக்கறேன்."

"எட்டு மணிக்கு நான் இருக்க மாட்டேனே."

தூங்கிவிடுவேன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னாள். அவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். பூக்கும் சமயத்தில் வெளிச்சம் பட்டால் விதை பிடித்து எண்ணெய் குறைந்துபோகும், வெள்ளோட்டமே வீண் என்று விளக்கினான். அவள் சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்ப அவள் கேட்கவே இல்லை. இல்லை, வேறொன்று கேட்டாள். ரெண்டாம் நம்பர் எங்கே என்று. விதை ஊறப் போட்டிருக்கிறேன் என்றான் அனுசித். போடவில்லை. மூ பூத்து முடியட்டும் என்று காத்திருந்தான். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் அவள் போய்விட்டாள்.

சுவரில் இருக்கும் டைமரின் முள்ளைத் திருப்ப ஒரு விரல் போதும். இரவைப் பகலாக மாற்றியிருக்கலாம். ஒரு மின்விசிறி வாங்கி வைத்திருந்தால் சூட்டையும் சமாளித்திருக்கலாம். இது அவளை எரித்த மறுநாள்தான் அவனுக்குத் தோன்றியது.

கண் பழகிவிட்டது. மேலே ஒன்றுமில்லை. விசிறிக் குழாய் நுழையும் இடத்தில் ஒன்றுமில்லை. ஜிப் ஓரம் சுத்தமாக இருந்தது. இடது பக்கம் திரும்பினான். அங்கே கீழே, இடுப்புக்கும் கீழே, நூல் பிடித்தது போல ஒரு வெளிச்சக் கோடு.

அது பார்வை ஜன்னல். உள்ளங்கை அகலத்தில் கண்ணாடித்தாள் வைத்துத் தைத்து, வெளியே ஒட்டுப்பட்டி போட்ட துணிமூடியால் மூடியிருப்பார்கள். அவன் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை. ஒருநாளும் திறக்காத மூடி இப்படித் தளராது. ஒட்டுப்பட்டி பல தடவை கிழித்து ஒட்டியது போல வலுவிழந்து ஒரு ஓரம் விலகி நின்றது. ஜிப்பைத் திறந்து வெளியே கையை மட்டும் நீட்டி மூடியைத் தடவினான். பட்டியின் முட்களில் என்னவோ சிக்கியிருந்தது. பிய்த்துக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தான். கம்பளி நூலின் பஞ்சு. ஆரஞ்சு நிறம்.

முடி கொட்டிய பிறகு பிம்முக்கு மாமியார் பின்னிக் கொடுத்த குல்லாயின் நிறம்.

அவன் மறுபடி உள்ளே உட்கார்ந்து ஜிப்பை மூடிக்கொண்டான். கட்டில் போட்டிருந்த உயரத்தை நினைத்துப் பார்த்தான். தலையணையின் உயரம். நோயாளியால் தானாகத் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் சாய முடியாது. யாராவது தாங்கிப் பிடித்திருக்க வேண்டும்.

வெளியே இரும்புக் கேட் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் பைகளின் சலசலப்பு. ராட்சபுரியிலிருந்து மாமியார் பிரயோங் வந்துவிட்டாள். பிம் படுக்கையில் விழுந்ததிலிருந்து கடைசி வரை பகல் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அனுசித் வேலைக்குப் போய்விடுவான். சாவுக்குப் பிறகு இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவள் தன்னைக் குற்றம் சொல்கிறாள் என்று அவன் நினைத்தான். சொல்லட்டும் என்றும் நினைத்தான்.

"சித்? எங்க இருக்கே?"

"உள்ள இருக்கேம்மா."

"உள்ளன்னா?"

"கூடாரத்துக்குள்ள."

பைகள் தரையில் இறங்கின.

"அங்க என்ன பண்றே? ஒளிஞ்சு விளையாடற வயசா?"

"வெளிச்சம் எங்கேருந்து வந்துதுன்னு பாக்கறேன். செடியில விதை பிடிச்சிருக்கு."

பிறகு பிளாஸ்டிக் முக்காலி தரையில் இழுபடும் சத்தம். அவள் கூடாரத்துக்குப் பக்கத்தில், கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். துணிக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது. பஸ்ஸில் வந்த களைப்பு.

"கண்டுபிடிச்சியா?"

"ஜன்னல் மூடி."

"நான்தான் திறந்தேன்," என்றாள் பிரயோங்.

முகம் தெரியாததால்தான் அவளால் பேச முடிந்தது என்று பிற்பாடு அவனுக்குத் தோன்றியது. அவனாலும் கேட்க முடிந்தது. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்களன்று ஆரம்பித்ததாம். அவன் பைக் தெருமுனை திரும்பியதும் பிம், 'மூடியைத் திற அம்மா' என்பாள். பிரயோங் அவளை அணைத்துச் சாய்த்துப் பிடிப்பாள். பிம் ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்ப்பாள். பிரயோங் தன் கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு அவளைப் படுக்கவைப்பாள். மத்தியானம் இன்னொரு தடவை. சாயங்காலம் அவன் வருவதற்கு முன்னால் மூடியை அழுத்தி ஒட்டிவிடுவாள். ஒட்டியது தெரியாதபடி நகத்தால் நீவி விடுவாளாம்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். அவதான் வேணாம்னா." பிரயோங் கொஞ்சம் நிறுத்தினாள். "'சொல்லாத, அவனுக்குத் தெரிஞ்சா செடியைப் பிடுங்கி எறிஞ்சிட்டு மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பான்'னு சொன்னா."

அனுசித் இருட்டில் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். உண்மைதான். ஆரம்பித்திருப்பான்.

துணிக்கு அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. கேள்வியைப் பல நாளாக வாய்க்குள் வைத்திருந்தவள் போலக் கேட்டாள்.

"மொத நாளே நீ என்கிட்டச் சொன்னே. வெளிச்சம் பட்டா மருந்து கெட்டுடும்னு. எனக்கு மறக்கலை. ஆனா அவ கேட்டப்ப என்னால முடியாதுன்னு சொல்ல முடியலை. பாவம் தீரட்டும்னு பௌர்ணமிக்குப் பௌர்ணமி சந்தையில உசிரோட விரால் வாங்கி ஆத்துல விட்டுட்டு வரேன். மனசு ஆற மாட்டேங்குது. சொல்லு சித். என் பொண்ணோட மருந்தை நான்தான் கெடுத்தேனா?"

மருந்து என்ற சொல்லை அவன்தான் அன்றைக்குச் சொன்னான். ஆண் பூ, பெண் பூ என்று மாமியாரிடம் விளக்கச் சோம்பல்பட்டுச் சுருக்கமாக அந்த ஒரு சொல்லைச் சொல்லிவைத்தான். அதை வைத்துக்கொண்டு அவள் மூன்று மாதமாக மீன் வாங்கி விட்டுக்கொண்டிருக்கிறாள்.

இல்லை அம்மா, வெளிச்சத்தால் ஒன்றும் கெடாது என்று சொல்லிவிடலாம். ஆனால் விதை பிடித்திருக்கிறது என்று இப்போதுதான் அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். அவள் நம்ப மாட்டாள். ஆமாம், கெட்டது என்றால் உண்மை. ஆனால் அந்த உண்மையோடு அவள் இனி உள்ள நாளெல்லாம் ஆற்றங்கரைக்கு நடப்பாள். பேசாமல் இருந்துவிட்டாலும் அதேதான். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது அவனுக்கும் பிம்முக்கும் மட்டும் தெரிந்தது. அதைச் சொன்னால் இவள் விடுபட்டுவிடுவாள். பிறகு இவள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று அவன் யோசித்தான். அப்படி யோசித்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"அது பிம்முக்கு இல்லம்மா."

"என்ன?"

"இந்தச் செடி அவளுக்கு இல்ல. இது வெள்ளோட்டம். எங்க ஃபேக்டரியில மொதல் கொப்பரையைக் கொட்டிடுவோம். அந்த மாதிரி. பூத்தப்புறம் வெட்டி எறியறதாத்தான் இருந்தேன். நீங்க திறக்காம இருந்திருந்தாலும் இதிலேருந்து ஒரு சொட்டுகூட அவளுக்குப் போயிருக்காது. அவளுக்குன்னு ரெண்டாவது செடி."

"ரெண்டாவது எங்க?"

"வைக்கலை."

முக்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டாள் என்று நினைத்தான். எழவில்லை.

"இது அவளுக்குத் தெரியுமா?"

"வெள்ளோட்டம்னு தெரியும். மொத நாளே சொன்னேன். ரெண்டாவது வைக்கலைங்கறது தெரியாது. விதை ஊறப் போட்டிருக்கேன்னு சொல்லிட்டேன்."

வெளியே ஐஸ் விற்கிற வண்டி மணியடித்தபடி தெருவைக் கடந்து போனது.

"தனக்கில்லைன்னு தெரிஞ்சும் பாத்துக்கிட்டே இருந்தாளா?" என்று கேட்டாள். அவனைக் கேட்டது போல இல்லை.

பிறகு முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். சிறிது நேரத்தில் உரலில் மசாலா இடிக்கும் சத்தம் ஆரம்பித்தது. இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் பிக்குகளுக்குப் படைப்பது. பிம்முக்கு அரிசி நூடுல்ஸும் மீன் குழம்பும். கடைசி மாதங்களில் அதன் வாசனைகூட அவளுக்கு ஆகவில்லை. பிரயோங் இடித்தாள். குழம்புக்கு அவ்வளவு இடிக்க வேண்டியதில்லை.

அனுசித் வெளியே வந்தான். கண் கூசியது. செடியைக் கிளை கிளையாக வெட்டிக் கறுப்புப் பையில் போட்டான். தண்டை அடியோடு வெட்டினான். தொட்டியைப் பின்கட்டுக்கு இழுத்துப்போனான். கூடாரத்தைக் கம்பி கம்பியாகக் கழற்றும்போது அந்த ஜன்னல் துணியோடு மடங்கிக் காணாமல் போனது. ஆரஞ்சு நூலை மட்டும் முன்பே சட்டைப் பையில் போட்டிருந்தான்.

சாயங்காலம் கோவித் அண்ணன் தன் சிறு லாரியில் வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டார். கறுப்புப் பையைத் திறந்து பார்த்தார். விதையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நல்ல நாட்டு விதை, இதற்குப் போய் ஏன் துக்கம் கொண்டாடுகிறாய், எனக்குக் கொடு என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். அவர் சமையலறையைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் மாமியாருக்கு என்னாச்சு? கும்பிட்டேன், கண்டுக்கவே இல்ல. நான் என்ன இன்னிக்குக் குடிச்சிட்டா வந்திருக்கேன்?"

"என்மேல கோபம், அண்ணே."

"அப்ப சரி," என்று அவர் வண்டியைக் கிளப்பினார்.

இரவுச் சாப்பாட்டைப் பிரயோங் அவன் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து வாழையிலையைத் துடைக்க ஆரம்பித்தாள். எட்டு மணிக்கு டைமர் 'டக்'கென்றது. எரிய விளக்கில்லை. இருவரும் சுவரைப் பார்த்தார்கள். அனுசித் எழுந்துபோய் அதைப் பிடுங்கினான்.

"உங்களுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலம்மா," என்றான்.

அவள் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு எதுக்குச் சொல்லணும்? நான் மருந்தைக் கெடுக்கலைன்னு ஆச்சு, நான் பொழைச்சேன். நாளைக்குச் சடங்குல தண்ணி ஊத்தறது நீதான். அப்ப அவகிட்டச் சொல்லு. விதை ஊறப் போடலைன்னு சொல்லு. மத்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்."

காலையில் பிக்குகள் வந்தார்கள். கூடாரம் இருந்த மூலையில் கடைசி மூன்று பேர் உட்கார்ந்தார்கள். இளம் பிக்கு ஒருவர் மட்டும் ஒருமுறை மூக்கைச் சுளித்துவிட்டுச் சட்டென்று முகத்தை நேராக்கிக்கொண்டார். ஓதி முடித்துச் சாப்பிட்டார்கள். மீன் குழம்பை மூத்தவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். பிரயோங் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஏதோ தளர்ந்தது.

பிறகு தண்ணீர். மூத்த பிக்கு தனியாக ஓத ஆரம்பித்ததும் பித்தளைச் செம்பிலிருந்து கிண்ணத்தில் ஊற்றத் தொடங்க வேண்டும். மற்றவர்கள் குரல் சேர்வதற்குள் கடைசிச் சொட்டு விழுந்துவிட வேண்டும். நூல் போல விழும் தண்ணீர் நடுவில் அறக்கூடாது. அந்த நேரத்தில் மனசுக்குள் போனவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சேர்த்த புண்ணியத்தை அனுப்பிவைப்பது. ஊற்றுகிறவரின் முழங்கையை வீட்டார் தொட்டுக்கொள்வார்கள். தொட்டால் அவர்கள் அனுப்புவதும் சேர்ந்து போகும். பிரயோங்குக்கு அது தெரியாததல்ல. ஈமத்தன்று அவன் முழங்கையை முதலில் பிடித்தது அவள்தான்.

மூத்த பிக்குவின் குரல் எழும்பியது. அனுசித் ஊற்றினான்.

பிம், என்று கூப்பிட்டான் உள்ளுக்குள். அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்கை காற்றில் தனியாக இருந்தது. பின்னால் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது, சேலை போலச் சுற்றிய துணி உரசும் சத்தம்கூடக் கேட்டது. கை வரவில்லை. செம்பு பாதிக்கு மேல் காலி. பிம், நான் விதை ஊறப் போடவே இல்லை, என்றான். ரெண்டாம் நம்பர் இல்லவே இல்லை. உன்னிடம் பொய் சொன்னேன். டைமரைத் திருப்பியிருக்கலாம், திருப்பவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தான். அதைக் கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்று பட்டது. திறந்து காட்டியிருக்கலாம் என்று மட்டும் சொன்னான்.

செம்பு லேசாகிக்கொண்டே வந்தது. கடைசியில் சட்டைக் கையை எதுவோ பிடித்தது. முழங்கையை அல்ல, சட்டைத் துணியை மட்டும். கீழே பார்த்தான். மஞ்சள் படிந்த இரண்டு விரல்கள். அவ்வளவுதான். மற்ற பிக்குகளின் குரல் சேர்ந்தது. சொட்டு விழுந்துவிட்டது.

அவள் தொட்டது தனக்காகவா, மகளுக்குத் தானும் அனுப்பியாக வேண்டும் என்பதற்காகவா என்று அவன் கேட்கவில்லை. அவன் கேட்கக்கூடியதல்ல அது.

பிக்குகளை வண்டி ஏற்றிவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரோடு வாசலில் நின்றான். அதை மரத்தடி மண்ணில் ஊற்ற வேண்டும். அந்தத் தெருவில் மரம் கிடையாது. வாசல் முழுக்க சிமெண்ட். பிரயோங் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இங்க கொண்டா. மண்ணு இங்கதான் இருக்கு."

தொட்டி அங்கே இருந்தது. நடுவில் வெட்டின தண்டு, விரல் நீளத்துக்கு. அனுசித் குனிந்து ஊற்றினான். மண் ஒரு நொடிகூடத் தேக்கிவைக்காமல் எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொண்டது.

"குடிக்கறதைப் பாரு," என்றாள் அவள். "அவ சொன்ன மாதிரியே."

அவன் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றான். அவள் அவனைத் தாண்டி உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனும் போய், அவள் தேய்த்துத் தள்ளியவற்றைக் கழுவினான்.